எதிர்ச் சுவரில் ஒரு கோடு

ஹலோ... ஹலோ, சார்லஸு... யாரு, இளவரசியா? என்னம்மா, அவன் போனு உங்கிட்ட இருக்குது... நான்தாம்மா, சிதம்பரத்துலேர்ந்து அண்ணன் பேசறேன். சுப்புராயன்... நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். உங்க நாத்தனாரும் நல்லாதான் இருக்குறா... ம்... ம்... சரிம்மா, உன் வீட்டுக்காரன் எங்க?... கடைலயே இருக்கானா... வண்டிக்கு அடில படுத்திருக்கானா. எழுந்திரிக்கச் சொல்லு. மத்தியானத்துலேர்ந்து நாலு வாட்டி அடிச்சிட்டேன், எடுக்கவே இல்ல... கோவம்லாம் இல்லம்மா. உம்மேல எனக்கு என்னா கோவம். போன அவங்கிட்ட குடு.

...

ஆங். வந்துட்டியா. ஏன்டா மச்சான், அக்கா புருஷன் போன் பண்ணா எடுக்கக் கூடாதுன்னு கடலூர் செம்மண்டலத்துல எதுனா சட்டம் போட்டிருக்காங்களா?... கை கிரீஸா இருந்துச்சா. நாலு மணி நேரமாவா கிரீஸு... சரி, வுடு. நான் எதுக்குக் கூப்புடுறேன்னு உனக்கே தெரியும்... அதேதான். அதே ஹெட்லைட்டுதான்.

நீதானடா சொன்ன. போன மாசம் மாட்டிக் குடுத்துட்டு, மாமா, இதுக்கு மேல ஒண்ணு கெடையாது, ரோடு பகலாட்டம் இருக்கும்னு. பகலாட்டமா இருக்குது? மெழுவத்தி ஏத்தி வச்சா மாதிரி இருக்குது... சிரிக்காத. சிரிக்காத சார்லஸு, நான் தமாசு பண்ணல. நேத்து காலைல நாலு பேர வண்டில வச்சிக்கிட்டு சாவ இருந்தேன்.

... ஆமா, நேத்துதான்... இல்ல, ஒண்ணும் ஆவல. வண்டில ஒரு கீறல் இல்ல. உங்க அக்கா வண்டில இல்ல. கம்பெனி சவாரி, எப்பவும் போற ஆளுங்கதான். நாலே முக்காலுக்கு வண்டிகேட்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பனேன். செம்மங்குப்பத்துல ஆறு மணிக்கு ஷிப்ட்டு, தெரியுமில்ல... புதுச்சத்திரம் தாண்டிட்டேன், ஆலப்பாக்கம் இன்னும் வரல. எனக்கு முன்னால கரும்பு ட்ராக்டரு போயிக்கிட்டிருக்கு. குறிஞ்சிப்பாடி பக்கத்துலேர்ந்து வந்து ரோட்டுல ஏறியிருக்கான். பின்னாடி ஒரு லைட்டு இல்ல. ஒரு ஸ்டிக்கரு இல்ல. நான் எப்ப பாத்தேன்ற? கரும்பு சோகை பானட்ல வந்து படுற தூரத்துல பாத்தேன். புடிச்சேன் பாரு ஒரு பிரேக்கு. பின் சீட்ல அந்தப் பொண்ணு, லேப்ல வேலை செய்யுதே, அனுப்பிரியா, அது தூங்கிக்கிட்டு வந்துச்சி. அப்படியே வந்து முன் சீட்டு கம்பில நெத்திய இடிச்சிக்கிச்சி. எலுமிச்சங்கா சைசுக்கு வீங்கிப் போச்சி.

... டாக்டர்கிட்டலாம் போவல. வேலைக்குதான் போச்சி. ஐஸு வச்சிக்கிறேன் அங்கிள், பரவால்லன்னுச்சி. மத்தியானம் திரும்பி கூட்டியாறப்ப நாலு பேரும் முழிச்சிக்கிட்டே வந்தாங்க. எட்டு மாசமா என் வண்டில வர்றாங்க, ஏறுன அஞ்சாவது நிமிஷம் தூங்கிடுவாங்க. நேத்து பட்டப்பகல்ல முழிச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு வந்தாங்கடா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னிக்கு அவங்களுக்கு ஷிப்ட்டு இல்ல, நாளைக்கு இருக்குது.

அதனால, நீ ஒண்ணு பண்ணு. இன்னிக்கே பண்ணணும். பம்பர் மேல நீட்டமா பட்டை லைட்டு போடறாங்க பாரு, லாரிக்காரன்லாம்... ஆங், அதான். அது ஒண்ணு போட்டுடு. நான் இப்பக் கிளம்பி வந்துடறேன்... ஏன் வரக் கூடாது?... ஏன் போட மாட்ட?... எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசுமா. எதிர்ல வர்றவன் எனக்கு என்னா பண்றான்? ஊசிய வச்சி குத்துறா மாதிரி அடிக்கிறான். அவன் போடலாம், நான் போடக் கூடாதா?... போலீஸ்காரன் நிறுத்துனா கட்டிட்டுப் போறேன். அது என் பாடு... சார்லஸு, நீ லைட்டு கடை வச்சிருக்கியா, லைட்டு போடாத கடை வச்சிருக்கியா? நாலு கடை தள்ளிப் போனா மாட்டிக் குடுத்துடுவான். மச்சானாச்சேன்னு உங்கிட்ட வர்றேன்.

... சரி சொல்லு. சொல்லு, கேக்குறேன்.

... ஆமா, முதல்ல இருந்தது கம்பெனி பல்பு. மஞ்சளா இருந்துச்சி. பத்தலன்னு நூறு வாட்ஸு போட்டேன். ஹோல்டரு உருகிப் போச்சி, ஒயரு நாத்தம் வந்துச்சி, நீதான் ரிலே வச்சி புது ஒயரு இழுத்துக் குடுத்த. அத இல்லைன்னு சொல்லல... அது ரெண்டாவது. அந்த வெள்ளை எல்.ஈ.டி. நான் ஆன்லைன்ல வாங்குனேன். அது என் தப்பு, எத்தினி வாட்டி ஒத்துக்கறது. வேற பல்புக்குன்னு செஞ்ச ரிப்ளெக்டர்ல அத சொருவுனா வெளிச்சம் மேலயும் கீழயும் சிதறும், ரோட்டுல வுழாது. தெரியும். பாடமாவே இருக்குது. எதிர்ல வந்த ஒவ்வொருத்தனும் டிம் அடிச்சி டிம் அடிச்சித் திட்டிட்டுப் போனான். பனில வேற, வெள்ளை வேட்டியக் குறுக்க கட்டி வுட்டா மாதிரி ஒண்ணுமே தெரியல. கழட்டிக் கடாசிட்டேன். இப்ப இருக்கறது மூணாவது. இது யாரு செலக்சன்? உன் செலக்சன். முழு செட்டா மாத்திடலாம் மாமா, உள்ள லென்ஸு வச்சது, ரொம்ப வெள்ளையும் இல்ல, ரொம்ப மஞ்சளும் இல்ல, பனிக்கும் நல்லா இருக்கும்னு... சொன்னியா இல்லியா?

... அப்பறம் எனக்கு ஏன் தெரியல?

... கண்ணாடிலாம் மஞ்சளாவல. அதான் புதுசாச்சே. வாரத்துக்கு ஒரு வாட்டி ஷாம்பு தண்ணி போட்டு ஈரத்துணில தொடைக்கிறேன். காஞ்ச துணில தேய்க்கக் கூடாதுன்னு சொன்ன, தேய்க்கறதில்ல... டூத்பேஸ்ட்டா? அதெல்லாம் நான் போடல. பழசுக்குதான் ஒரு வாட்டி போட்டு மங்க வச்சேன். அதுக்கு நீ திட்டனது இன்னும் காதுல இருக்குது... உள்ள ஈரம் கோத்துக்கல. பின்னாடி ரப்பர் மூடி டைட்டா இருக்குது, நேத்து கூட கைய வுட்டுப் பாத்தேன்... பேட்டரி? அதுவும் பாத்தாச்சி. இங்க ராஜமாணிக்கம் கடைல மீட்டரு வச்சான். வண்டி ஓடறப்ப பதினாலு வோல்ட்டு காட்டுது. நல்லா இருக்குது, போய் வேலையப் பாருன்னான்... உள்ள ஒரு உருட்டற சக்கரம் இருக்குமே, லைட்ட ஏத்தி எறக்க, அதுவும் பூஜ்யத்துலதான் இருக்குது. நான் முப்பது வருசமா வண்டி ஓட்டறேன் மச்சான். என்னக் கேள்வி கேக்கற.

... இப்பவா? எதுக்கு?... ம். இருட்டிடுச்சி. மணி ஆறே முக்கா ஆவுதே... வண்டி வாசல்லதான் நிக்குது... செவுரா? எதிர்ல ரேஷன் கடை செவுரு இருக்குது. பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாங்க, பளிச்சின்னுதான் இருக்குது. நீ என்னா பண்ண சொல்ற, அத சொல்லு... இருபத்தஞ்சு அடி. செவுத்தப் பாத்து நேரா நிறுத்தணும். டிம்ல போடணும். சரி. இதப் பண்ணி, லைட்டு தப்புன்னு தெரிஞ்சா நீ மாத்திக் குடுப்பியா? வாக்கு குடு... சரி. இரு.

ஏ பிரிசில்லா. பிரிசில்லா... கொஞ்சம் வெளிய வா. உன் தம்பி பாடம் நடத்துறான். செவுத்தாண்ட போய் நில்லு... அட, வந்து நில்லும்மா, அடுப்ப நிறுத்திட்டு வா.

... இரு மச்சான், வண்டிய பின்னாடி எடுக்கறேன். போன காதுலயே வச்சிக்கறேன், ஸ்பீக்கர்ல போட்டா தெருவே கேக்கும்... யோவ், ஒரு நிமிஷம்யா, சைக்கிள அப்படி ஓரமா வச்சிட்டுப் போ... ஆங். நிறுத்திட்டேன். இருபத்தஞ்சு அடி இருக்கும். என்ஜின் ஓடட்டுமா?... சரி, ஓடட்டும். டிம்ல போட்டுட்டேன்.

... என்னா தெரியணும்?

... கோடா? என்னா கோடு?... வெளிச்சம் மேல ஏறாம ஒரு எடத்துல வெட்டுனா மாதிரி நிக்கும். கீழ வெளிச்சம், மேல இருட்டு. ரெண்டுக்கும் நடுவுல கோடு. வலது பக்கம் நேரா, இடது பக்கம் கொஞ்சம் ஏறும். ஓரத்துல நடக்கறவன் தெரியறதுக்கு... ம், புரியுது. நல்ல விஷயம்தான். ஆனா இங்க அப்படி கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாவு கொட்டுனா மாதிரி செவுரு பூரா பரவிக் கெடக்குது. நான்தான் சொன்னேனே, உன் லென்ஸு சரியில்ல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் உன்ன. டூப்ளிகேட்டு.

... அவள ஏன் கேக்கணும்? நான்தான் பாக்கறேனே... சரி, சரி. பிரிசில்லா, இங்க பாரு, செவுத்துல எங்கனா கோடு மாதிரி தெரியுதா உனக்கு?... எங்க?... எங்க, கைய வச்சிக் காட்டு... அங்கயா? நல்லா பாரு. சும்மா அவன் சொல்றதுக்காக தலைய ஆட்டாத... நேரா வருதா. அங்கேர்ந்து இடது பக்கம் ஏறுதா... உன் இடுப்பு ஒசரத்துலயா? கைய அப்படியே கோட்டு மேல வச்சி நடந்து காட்டு பாக்கலாம்.

...

மச்சான். அவ என்னமோ வெரல வச்சி கோடு இழுத்துக்கிட்டே போறா. அவ கை தெரியுது எனக்கு. கோடு தெரியல.

... கிட்டப் போய் பாக்கவா. இரு... ம். இங்க வந்தா தெரியுது. லேசா. ஆமா, இருக்குது... வண்டியாண்ட நின்னாதான் தெரியல... நான் கண்ணாடி போடல. கிட்டக்க படிக்கதான் கண்ணாடி, தூரத்துக்கு எனக்கு எதுவும் கெடையாது. எனக்கு தூரம்லாம் நல்லா தெரியும்.

... என்னா?... எதிர்ல வர்ற வண்டி லைட்டா? அது எப்படித் தெரியும், எல்லாருக்கும் தெரியறா மாதிரிதான். நடுவுல வெள்ளையா, அத சுத்தி பெரிசா ஒரு வட்டம். வட்டத்துலேர்ந்து மயிர் மயிரா கோடு நீட்டிக்கிட்டு. வண்டி கிட்ட வர வர வட்டம் பெரிசாயிடும், ரோடு அதுக்குள்ள போயிடும். போனதுக்கு அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அதனாலதான் இவனுங்க இப்படி லைட்டு போடறானுங்களேன்னு... ஆமா, எல்லா வண்டிக்கும். பைக்குக்கும் இருக்குது... தெரு லைட்டுக்கும்தான் வட்டம் இருக்குது. எல்லாருக்கும் அப்படித்தானடா தெரியும்?

...

ஹலோ... இருக்கியா? எல்லாருக்கும் அப்படித்தான தெரியும்?

... பிரிசில்லா. அந்த கரண்ட் கம்பத்து லைட்ட பாரு. அத சுத்தி என்னா தெரியுது?... பூச்சி பறக்குதா. சரி, பூச்சிய வுடு, லைட்ட சுத்தி வளையம் தெரியுதில்ல? கலர் கலரா... இல்லையா? நல்லா பாரும்மா... சரி.

இல்லன்றா.

... எப்பலேர்ந்துன்னு கேட்டா எப்படி சொல்றது. கொஞ்ச நாளா. போன மழைக்கு முன்னாடியே இருந்துச்சி. இந்த புது லைட்டுங்கதான் அப்படின்னு நெனச்சேன். ஊர்ல எல்லாரும் எல்.ஈ.டி மாட்டிட்டான், அதான் இப்படின்னு... ஒரு கண்ண மூடணுமா? எதுக்குடா இது, சின்னப் புள்ள வெளாட்டு... சரி. வண்டியாண்ட வந்துட்டேன். எந்தக் கண்ணு?... வலது கண்ண மூடிட்டேன். இடதுல பாக்கறேன்.

...

இரு.

...

மச்சான், இதுல ஒண்ணும் சரியா இல்ல. பால்ல பாக்கறா மாதிரி இருக்குது. பிரிசில்லா நிக்கிறான்றது தெரியுது. அவதானான்னு கேட்டா தெரியல... ம். மாத்திட்டேன். இடத மூடி வலதுல பாக்கறேன். இது கொஞ்சம் பரவால்ல. ஆனா இதுவும் அப்படியே... முழுசா இல்ல.

... தெரியாதுடா. நான் எப்ப ஒரு கண்ண மூடிட்டு வண்டி ஓட்டனேன், தெரியறதுக்கு. ரெண்டும் சேந்து எதுவோ காட்டிக்கிட்டு இருந்துச்சி.

... என்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு... அக்கா சொல்லிச்சா? எப்ப?... போன ஞாயித்துக்கெழமையா? என்னான்னு சொன்னா?... டீய டம்ளருக்கு வெளிய ஊத்தறேன்னு சொன்னாளா. படிக்கட்டுல கால வச்சித் தடவறேன்னு. ம். அப்பறம்?... சவாரி லிஸ்ட்ட அவளப் படிக்கச் சொல்றேன்னு. அது எழுத்து பொடிசா இருக்குது, அதுக்காக சொல்றது. ஓகோ. அப்ப ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டுதான் இந்த செவுரு டிராமாவா. நீ மத்தியானத்துலேர்ந்து போன் எடுக்காததும் அதுக்குதானா.

பிரிசில்லா, நீ உள்ள போ... போன்னு சொல்றேன் இல்ல. உங்கிட்ட அப்பறம் பேசறேன். பொண்டாட்டி புருஷனப் பத்தி தம்பிகிட்ட புகார் குடுக்கறா... நீ பேசாத மச்சான். நீ ஒண்ணும் பேசாத. எட்டு மாசமா எனக்கு ஒண்ணுக்கு மேல ஒண்ணு லைட்டு மாத்தற, அப்பல்லாம் சொல்லல... ஞாயித்துக்கெழமைதான் தெரிஞ்சிதா? தெரிஞ்சி இன்னிக்கு வியாழக்கெழமை. நாலு நாளா என்னா பண்ண? நேரா சொல்ல வேண்டியதுதான. மாமா, உங்க கண்ணு போயிடுச்சின்னு சொல்ல வேண்டியதுதான... நான் கத்துவேன்னு பயந்தியா. கத்தாம என்னாடா பண்ணுவேன்? இப்ப கத்தலையா?

நான் வைக்கிறேன்.

...

இல்ல, வைக்கல. இருக்கேன். சொல்லு.

... ம்... ம்... சுகர் இருக்குது, ஆமா. மாத்திரை போடறேன்... கண்ணுல புரைன்றியா? நீ என்னா டாக்டரா, போன்ல கண்டுபுடிக்க... உன் மாமனாருக்கு இப்படிதான் இருந்துச்சா. லைட்ட சுத்தி வட்டம்னு சொன்னாரா... ஆபரேசன் பண்ணாருல்ல, பாண்டில. எத்தினி நாள் கட்டு போட்டிருந்தாங்க?... ஒரு நாளா? ஒரே நாள்தானா. அப்பறம் அவரு வண்டி ஓட்டறாரா?... மொபட்டு. மொபட்டு வேற, கார் வேற மச்சான். மஞ்சள் போர்டு வண்டி. லைசென்ஸு புதுப்பிக்கறப்ப கண்ணு சர்ட்டிபிகேட்டு கேப்பான். முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான். லாரி ஓட்டனேன், வேன் ஓட்டனேன், இப்பதான் நாலு வருசமா சொந்தமா ஒண்ணு. கண்ணு சரியில்லன்னு ஒருத்தன் காதுல வுழுந்தா போதும். ஆட்டோ ஸ்டாண்டுலேர்ந்து செம்மங்குப்பம் கேட்டு வரைக்கும் போயிடும். யாரு ஏறுவான்?

... சரியாவும்னு நீ சொல்ற. ஆவலன்னா?

... ம்.

சார்லஸு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பிரிசில்லா உள்ள போயிட்டா. இல்ல, கதவாண்டதான் நிக்கிறா. பரவால்ல, கேக்கட்டும்.

அந்த ட்ராக்டருக்குப் பின்னாடி லைட்டு எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சி.

... ஆமா. செவப்பா, ரெண்டு லைட்டு. திருநாவுக்கரசு சார் முன் சீட்ல எம்பக்கத்துல உக்காந்திருந்தாரு. பிரேக்கு புடிச்சி நின்னதும் அவருதான் சொன்னாரு, என்னப்பா சுப்புராயன், ரெண்டு லைட்டு எரியுது, அரை கிலோமீட்டரா நான் பாத்துக்கிட்டு வர்றேன், நீ பாட்டுக்கும் போறியேன்னு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? அவர் மேல எகிறிட்டேன். நீங்க தூக்க கலக்கத்துல பேசறீங்க சார், லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. பெரிய மனுஷன்டா. எங்கிட்ட ஒரு நாளும் மரியாதை கொறைச்சலா பேசனது கெடையாது. அந்தப் பொண்ணு நெத்தியப் புடிச்சிக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சி.

ட்ராக்டர ஓவர்டேக் பண்ண ஒதுங்குறப்ப அதோட பின்பக்கத்தப் பாத்தேன். பக்கத்துல இருந்துச்சில்ல, தெரிஞ்சிது. எரிஞ்சிது. நான் பாத்தேன். பாத்துட்டும் யாருகிட்டயும் சொல்லல. நேத்துலேர்ந்து உள்ளயே வச்சிக்கிட்டு, உனக்கு போன் மேல போன் அடிச்சி லைட்டு லைட்டுன்னு...

...

ம்... இல்லடா. அழுவலாம் இல்ல. சளி.

... என்னா பண்ண சொல்ற. சொல்லு. நீயே சொல்லு... லைட்ட தொட வேணாம். அது நல்லா இருக்குதா. சரி, இருக்கட்டும். நான்தான் வண்டிய தொடக் கூடாதா?... பகல்ல கூட வேணாமா? பகல்ல எனக்கு ஒண்ணும்... சரி. டாக்டர் பாக்கற வரைக்கும். சரி. வெள்ளிக்கெழமை, நாளைக்கேவா பாண்டிக்கு?... திங்கக்கெழமைன்னா நல்லா இருக்கும், சனிக்கெழமை வரைக்கும் சவாரி இருக்குது... ஆமா, இப்பதான் சொன்னேன். ஓட்டக் கூடாது. பழக்கம், வாய்ல வருது.

அப்ப நாளைக்குக் காலைல? நாலே முக்காலுக்கு நாலு பேரு வண்டிகேட்ல வந்து நிப்பாங்க. இந்நேரத்துக்கு மேல யாரு டிரைவரு கெடைப்பான்? எழிலன கேக்கலாம்னா அவன் வேளாங்கண்ணி ட்ரிப்பு போயிட்டான்... நீயா? நீ எப்படிடா, கடலூர்லேர்ந்து... ராத்திரி பஸ்ஸப் புடிச்சி இங்க வந்து, காலைல அவங்கள ஏத்திட்டுப் போய் செம்மங்குப்பத்துல எறக்கி வுட்டுட்டு... வண்டியோட நேரா கடைக்குப் போயிடுவியா. மத்தியானம் திரும்ப ஏத்தியாந்து... அப்ப கடை? இளவரசி பாத்துக்குவாளா. ஒயரிங்கு வந்தா?... நிறுத்தி வைப்பாளா. எத்தினி நாளைக்கு மச்சான் இப்படி?... நாளைக்கு, சனிக்கெழமை. ரெண்டு நாளைக்கு. அதுக்குள்ள ஆளப் பாத்துடலாம்ன்ற... ம்.

என் வண்டில கிளட்சு கொஞ்சம் மேல புடிக்கும். பாத்து வுடு. ரெண்டாவது கியரு நேரா வுழாது, லேசா உள்ள தள்ளி இழுக்கணும்... தெரியுமா. எல்லாம் தெரியும் உனக்கு.

... அவங்ககிட்ட என்னா சொல்றது?... காய்ச்சல்னு சொல்லவா. ம். சொல்லலாம். காய்ச்சல்னு ரெண்டு நாளைக்கு சொல்லலாம். அப்பறம் காலு சுளுக்குன்னு சொல்லலாம். அப்பறம்?... வண்டி வொர்க்ஷாப்ல இருக்குதுன்னும் சொல்ல முடியாது, வண்டில தான வர்றாங்க... இல்ல மச்சான். நீ எனக்காகதான் சொல்ற, புரியுது. ஆனா நேத்து திருநாவுக்கரசு சார நான் பொய்யாக்கிட்டேன். நாலு பேரு முன்னாடி. அந்தப் பேச்ச நான்தான் திருப்பி எடுக்கணும், நீ எடுக்க முடியாது.

சவாரி போயிடும்னுதான் பயமா இருக்குது. ஆமா, இருக்குது. வேற வண்டிய பேசிக்கிட்டாங்கன்னா பேசிக்கட்டும். என்னா செய்ய. அந்தப் பொண்ணு வண்டில ஏறுனதும் செருப்பக் கழட்டிட்டு, துப்பட்டாவ மூஞ்சில போட்டுக்கிட்டு, அடுத்த நிமிஷம் தூங்கிடும். அதுக்கு ரோடு எங்க போவுதுன்னு கூட தெரியாது. யாருன்னே தெரியாத ஒருத்தன் ஓட்டறான்டா, அவன் பாத்துக்குவான்னு தூங்குது. எட்டு மாசமா. நான் என்னாத்தப் பாத்துக்கிட்டு ஓட்டனேன்?

... ம்... சரி. சரி. அத நெனச்சிக்கிட்டு இருந்தா ஒண்ணும் ஆவாது. சரி.

... நீ சாப்டியா?... இங்க வந்து சாப்புடு. அக்கா தோசை ஊத்துவா. வர்றப்ப... எதுவும் வாங்கியாராத. நீ வந்தா போதும். எத்தினி மணிக்கு பஸ்ஸு?... ஏழரைக்கா. சீக்கிரம் கைய கழுவு அப்ப. பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டு போன் பண்ணு, நான் வந்து... இல்ல, வரல. நீயே ஆட்டோ புடிச்சி வந்துடு.

இரு, இரு. இதுல இன்னொரு போன் வருது. டுர்ரு டுர்ருன்னு அடிக்குது. யாருன்னு... பிரிசில்லா, இங்க வா. யாருன்னு பாரு. பேரு என்னா போட்டிருக்குது... அனுப்பிரியாவா.

அந்தப் பொண்ணுதான் மச்சான். நாளைக்கு டைம் கேக்கத்தான் இருக்கும். தெனம் இந்நேரத்துக்குக் கேக்கும்... வேணாம். பிரிசில்லாகிட்ட குடுக்கல. அவ பேசுனா அழுதுடுவா. நானே எடுக்கறேன்... தெரியல, என்னா வருதோ சொல்றேன். நீ பஸ்ஸப் புடி. ஆங்... ஆங்... வச்சிடறேன்.

எத அமுக்கணும் பிரிசில்லா, பச்சையா?

... ஹலோ. ஆங், அம்மா அனுப்பிரியா. சொல்லும்மா. நெத்தி எப்படி இருக்குது?... வீக்கம் வத்திடுச்சா. சரி, சரி... டைமா? டைம் அதேதாம்மா. நாலே முக்கா, வண்டிகேட்டு. ஓட்டப் போறதுதான் நான் இல்ல.

... சொல்றேன். திருநாவுக்கரசு சார் நம்பரு எங்கிட்ட இருக்குது, அவருக்கும் சொல்லணும். முதல்ல உனக்கு சொல்றேன். கேளும்மா.